உள்ளங்கையில் கறுப்பு ராஜா

1999 நவம்பர் 17, புதன்கிழமை, பெங்களூர் அடுகோடியில் உள்ள தக்காண மின்மானித் தொழிற்சாலையின் பொழுதுபோக்கு மன்றக் கூடத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் ஓர் இளநிலை உதவியாளர் பணியிடத்துக்கான சதுரங்கத் தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஆறு பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐவருடனும் ஒருமுறை ஆட வேண்டும். ஆட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடம் என்று முடிவு செய்தவர் பணியாளர் நல அதிகாரி ஜெயராமன். அவருக்குச் சதுரங்கம் தெரியாது. கூடம் ஐந்து மணிக்குக் கன்னட ராஜ்யோத்சவ ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகைக்குப் போய்விடும். அந்த மாநில விழா நவம்பர் முழுக்க நடப்பதால் கூடம் ஒரு பிற்பகல் கிடைத்ததே பெரிது. நடுவராக மாவட்டச் சதுரங்கச் சங்கத்திலிருந்து வந்திருந்த ஸ்ரீகண்டன், "வேலைக்கு ஆள் எடுக்க அஞ்சு நிமிஷ பிளிட்ஸா சார்?" என்று கேட்டார்.

"டைப்பிங் டெஸ்டே பத்து நிமிஷம்தான்," என்றார் ஜெயராமன்.

ஆறு பேரில் ஒருத்தி மட்டும் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தவள். டோரதி, ஸ்டோர்ஸ் பிரிவில் ஒப்பந்த அடிப்படையில் ஐந்து வருடமாக டேட்டா என்ட்ரி செய்தவள். பதினொரு மாதம் வேலை, ஒரு மாதம் இடைவெளி, மறுபடி பதினொரு மாதம். டிசம்பர் 31ஆம் தேதியோடு அதுவும் முடிகிறது. ஸ்டோர்ஸுக்குப் புதிய கம்ப்யூட்டர் ஏற்பாடு வருவதால் புத்தாண்டிலிருந்து ஒப்பந்த ஆட்கள் தேவையில்லை என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. ஜனவரி ஒன்பதாம் தேதி அவளுக்கு இருபத்தெட்டு வயது முடியும். அதற்குப் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கும் விண்ணப்பிக்க முடியாது. கல்லூரிக் காலத்தில் மாவட்ட மகளிர் போட்டியில் வாங்கிய ஒரு சான்றிதழை ஜீவனஹள்ளி வீட்டு அலமாரியில் தேடியெடுத்து, நகல் எடுத்து, விண்ணப்பத்தோடு வைத்திருந்தாள்.

அந்தச் சான்றிதழைப் பெற்ற காலத்தில் அவள் சாதாரணமாக, கவனமாக ஆடுகிறவள். இப்போது ஆடுவது வேறு.

அது கேன்டீனில் தொடங்கியது. மதிய உணவு இடைவேளை முப்பது நிமிடம். சாப்பாடு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு மூன்று சதுரங்கப் பலகைகளும், ஆடியதும் அழுத்தினால் எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும் மன்றத்தின் கடிகாரம் ஒன்றும் இருந்தன. அந்த வருடம் மே மாதத்தில் ஒருநாள், அளவு சரிபார்க்கும் பிரிவின் ஆம்ப்ரோஸோடு ஆடிக்கொண்டிருந்தபோது, நான்காவது நகர்த்தலில் குதிரையை எடுக்கப்போன டோரதியின் விரல் பக்கத்திலிருந்த பிஷப்பில் பட்டுவிட்டது.

"தொட்டாச்சு! தொட்டாச்சு!" என்று ஆம்ப்ரோஸ் மேசையைத் தட்டினார். "தொட்டதத்தான் ஆடணும்."

"அண்ணா, கை பட்டுச்சு."

"நக்கோ நக்கோ, வேணாம். அதெல்லாம் உங்க ஸ்டோர்ஸ்ல வெச்சுக்க."

கோபத்தில் அவள் பிஷப்பை எடுத்து, கறுப்பு ராஜாவை ஒட்டி நின்ற சிப்பாயை வெட்டி அங்கே வைத்தாள். அது செக். ஆனால் ராஜா அந்த பிஷப்பை அப்படியே வெட்டிவிடலாம், காப்பாற்ற யாருமில்லை. ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே வெட்டினார். கோபம் தணியாத டோரதி குதிரையால் நடுவிலிருந்த சிப்பாயையும் வெட்டினாள். அந்தக் குதிரையும் போயிற்று. பிறகு ராணி வெளியே வந்தது. ஆம்ப்ரோஸின் ராஜா எங்கே போவது என்று தெரியாமல் பலகையின் நடுவில் அலைந்து, பதினொன்றாவது நகர்த்தலில் செத்தது.

மறுநாள் வேண்டுமென்றே அதையே ஆடினாள். ஜெயித்தாள். அதற்கு அடுத்த நாள் தோற்றாள். பிறகு மூன்று முறை ஜெயித்தாள். கேன்டீனில் எல்லோருக்கும் அந்த நகர்த்தல் தப்பென்று தெரியும். இரண்டு காய்களைக் கொடுத்துவிட்டு இரண்டு சிப்பாய்களை வாங்குவது சரியாக இருக்க வழியே இல்லை. பலகையைச் சுற்றி நின்று ஐந்தாறு பேர் ஒவ்வொரு முறையும் அதை விளக்கினார்கள். விளக்கியவர்கள் உட்கார்ந்து ஆடியபோது தோற்றார்கள். ஆம்ப்ரோஸ் பழைய சோதனை அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்த குறிப்பின்படி நவம்பர் வரை எழுபத்தெட்டு ஆட்டங்கள். டோரதி ஐம்பத்து மூன்றில் ஜெயித்திருந்தாள்.

"இது எப்படிண்ணா?" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு என்னா தெரியும்? தற்கொலை பண்ணிக்கப் போறவ மாதிரி வர்ற. எதிர்ல இருக்கறவன் பயந்துபோய்ச் சாவறான்."

அது பதிலாக அவளுக்குப் படவில்லை. வீட்டில் தனியாகப் பலகையை விரித்துக் கறுப்புப் பக்கம் உட்கார்ந்து யோசித்தால், வெள்ளைக்கு எந்த நம்பிக்கையும் தெரிவதில்லை. மறுநாள் கேன்டீனில் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தால் கை தானாக பிஷப்பை எடுத்தது. நல்ல நகர்த்தல்களை ஆடிய காலத்தில் இத்தனை ஜெயித்ததில்லை. எதை நம்புவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கேன்டீனுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அங்கே யாரும் செக் என்று வாயால் சொல்வதில்லை. எதிராளி தன் ராஜாவுக்கு செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு எதையாவது ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால், மற்றவர் பேசாமல் அந்த ராஜாவை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். ஆட்டம் முடிந்தது. டோரதிக்குப் பை கிடையாது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வாள். "ராஜா எங்கம்மா?" என்று தோற்றவர் கேட்டால் விரல்களைத் திறந்து காட்டுவாள். அதில்தான் சிரிப்பே. ஆறு மாதத்தில் அவள் இப்படிப் பதினைந்து ராஜாக்களையாவது எடுத்திருப்பாள்.

தேர்வில் நான்கு சுற்றுகள் முடிந்தபோது மணி மூன்று இருபது. டோரதி நான்கிலும் ஜெயித்திருந்தாள். வெள்ளைக் காய்கள் கிடைத்த இரண்டு ஆட்டங்களிலும் பிஷப்பைக் கொடுத்தாள். மற்ற இரண்டில் எதிராளிகளே தவறு செய்தார்கள். அவளைப் போலவே நான்கிலும் ஜெயித்திருந்தவன் பாலகுமார். திருப்பத்தூர்க்காரன். இருபத்து நான்கு வயது. பெங்களூர் வந்து ஒரு வருடமாகிறது. தொம்மலூரில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கி, ஒரு கூரியர் அலுவலகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்தான். வேலூர் மாவட்டச் சாம்பியனாக இரண்டு முறை வந்தவன். அவனுடைய ஆட்டங்களைப் பார்த்த ஸ்ரீகண்டன், "இந்தப் பையன் ஆட்டம் தெரிஞ்சவன்," என்று ஜெயராமனிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு?"

ஸ்ரீகண்டன் டோரதியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்குச் சொல்லத் தெரியல சார். மூணு தலைமுறையா எங்க வீட்ல செஸ் ஆடறோம், தாத்தா மைசூர் சமஸ்தானத்துல பேஷ்கார் உத்தியோகம் பார்த்த காலத்துலேர்ந்து. இப்படி ஒருத்தர் வேணும்னே ஆடி நான் பார்த்ததில்ல."

கடைசிச் சுற்றில் டோரதிக்கும் பாலகுமாருக்கும் ஆட்டம். ஜெயிப்பவருக்கு வேலை. டோரதிக்கு வெள்ளை. ஷிப்ட் முடிந்த ஆம்ப்ரோஸ் கிரீஸ் படிந்த கையோடு வாசலில் வந்து நின்றுகொண்டார். பார்ப்பவர்கள் பேசக்கூடாது என்று ஸ்ரீகண்டன் ஏற்கெனவே இரண்டு முறை, ஒருமுறை தமிழிலும் ஒருமுறை கன்னடத்திலும், சொல்லியிருந்தார்.

நான்காவது நகர்த்தலில் டோரதி பிஷப்பால் சிப்பாயை வெட்டினாள்.

பாலகுமார் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கை தவறிவிட்டதோ என்று நினைத்தவன் போல மறுபடி பலகையைப் பார்த்தான். வெட்டினான். குதிரை வந்தது. அதையும் வெட்டினான். ராணி வெளியே வந்து செக் கொடுத்தபோது அவனுடைய கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. குதிரையைப் பின்னுக்கு இழுத்து மறைத்தான். ராணி நகர்ந்து மறுபடி செக். அதே சமயம் ஓரத்தில் நின்ற அவனுடைய பிஷப்பின் மீதும் குறி. ராஜாவை ஒரு கட்டம் பின்னால் தள்ளினான். ராணி பிஷப்பை வெட்டியது.

பிஷப் போகும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அதனால் பிஷப் போனதை மட்டும் பார்த்தான். வெட்டிய ராணி தூரத்திலிருந்து மூலைவாட்டில் தன் ராஜாவையே பார்த்துக்கொண்டிருப்பதை அவன் பார்க்கவில்லை. ராணியை விரட்ட ஒரு சிப்பாயைத் தள்ளிக் கடிகாரத்தை அழுத்தினான்.

டோரதியின் கை யோசிக்கவில்லை. ராணி மூலைவாட்டில் பாய்ந்தது. கறுப்பு ராஜா இருந்த கட்டத்தில் வெள்ளை ராணி நின்றது. ராஜா உள்ளங்கைக்குள் போயிற்று. மற்றொரு விரலால் கடிகாரத்தை அழுத்திவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அடப்பாவமே," என்றான் பாலகுமார். எழுந்து கையை நீட்டினான். அவளும் எழுந்து கை கொடுத்தாள். வலது கையில் ராஜா இருந்ததால் இடது கையைக் கொடுத்தாள்.

வாசலில் ஆம்ப்ரோஸ் ஒரு விசில் அடித்தார். ஜெயராமன் தன் பட்டியலில் பெயர் எழுதப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஒன் மினிட்," என்றார் ஸ்ரீகண்டன். "ராஜா எங்க?"

கேன்டீனில் கேட்கும் அதே கேள்வி. டோரதி சிரித்துக்கொண்டே கையைத் திறந்து காட்டினாள். ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை.

"ராஜாவ வெட்ட முடியாதும்மா."

"அவரு செக்கப் பார்க்கல சார்."

"பார்க்கல. அது சட்டத்துக்கு மாறான மூவ். நீங்க கடிகாரத்த நிறுத்தி, என்னக் கூப்பிட்டு, வாயால கிளெய்ம் பண்ணியிருந்தா அந்த இடத்துலயே ஜெயிச்சிருப்பீங்க. நீங்க கிளெய்ம் பண்ணல. ராஜாவ எடுத்துட்டீங்க. ராஜாவ எடுக்கறது செஸ்லயே இல்லாத மூவ். இப்ப நீங்களும் சட்டத்துக்கு மாறா ஆடிட்டீங்க."

டோரதி உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்ப ஜெயிச்சது யாரு?"

ஸ்ரீகண்டன் பையிலிருந்து மெல்லிய விதிப்புத்தகம் ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி பழைய பக்கத்துக்கு வந்தார். "இப்ப அவர் கிளெய்ம் பண்ணலாம். பண்ணா அவர் ஜெயிச்சாரு," என்று பாலகுமாரைக் காட்டினார்.

"ஏன் சாமி, இது என்னா நியாயம்?" ஆம்ப்ரோஸ் உள்ளே வந்துவிட்டார். "அவன் ராஜா செத்துப்போச்சு. எழுந்து கை குடுத்துட்டான். செத்தவன் வந்து கிளெய்ம் பண்ணுவானா?"

"நீங்க பேசக்கூடாது."

"ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே, இப்பவும் பேசக்கூடாதா?"

"முடிஞ்சுதா இல்லையான்னுதான் பார்க்கறேன்."

ஸ்ரீகண்டன் பாலகுமாரிடம் திரும்பினார். "தம்பி, நீங்க கை குடுத்தீங்களே, அது ரிசைன் பண்ணதா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா எப்படி? தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"ராஜா போயிடுச்சு சார். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. அதான் கை குடுத்தேன்." அவன் டோரதியைப் பார்த்தான். "எங்க ஊர் டீக்கடையிலயும் ராஜாவ எடுத்துருவாங்க."

"டீக்கடை வேற, இது வேற. இப்ப கிளெய்ம் பண்றீங்களா?"

கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு சொல் சொன்னால் வேலை அவனுக்கு. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நான் எதுவும் சொல்லலன்னா?"

"சொல்லலன்னா ஆட்டம் தொடரும்."

"ராஜா இல்லாமயா சார்?"

ஆம்ப்ரோஸ் உரக்கச் சிரித்தார். தோற்றுப்போய் இன்னும் போகாமல் நின்ற மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். ஸ்ரீகண்டன் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை போனார். ராஜா இல்லாத ஆட்டத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இருபது வருட நடுவர் வேலையில் இந்தக் கேள்வி வந்ததில்லை என்று ஜெயராமனிடம் ஒப்புக்கொண்டார். சங்கச் செயலாளரிடம் கேட்கலாம் என்று இருவரும் ஜெயராமனின் அறைக்குப் போய்ப் போன் செய்தார்கள். செயலாளர் ஒரு கல்யாணத்துக்கு மைசூர் போயிருந்தார்.

அவர்கள் திரும்பி வரும்போது ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கீபோர்டையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஏனு சார், இன்னூ முகிதில்வா?" என்று ஒருவர் இன்னும் முடியவில்லையா எனக் கேட்டார். மணி நாலரை.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்றார் ஜெயராமன். "எனக்கு இன்னைக்கு ஃபைல் அனுப்பணும். ராஜாவ எடுத்தது சரின்னா அந்தம்மா பேர். தப்புன்னா இந்தத் தம்பி பேர். இதுல எங்க கஷ்டம்?"

"ரெண்டும் தப்பு சார். அதுதான் கஷ்டம்."

ஸ்ரீகண்டன் மீண்டும் பாலகுமாரிடம் கேட்டார். கிளெய்ம் உண்டா, இல்லையா? பாலகுமார் ராஜா இல்லாத பலகையைப் பார்த்தான். பிறகு, "செக்கப் பார்க்காதது நான்தான். நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்," என்றான். அது பெருந்தன்மையா, குழப்பமா என்று அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை. பிற்பாடு கேட்டபோதும் அவனால் சொல்ல முடியவில்லை.

ஆட்டம் செல்லாது, அதே நிறங்களோடு மறுபடி ஆட வேண்டும், பத்து நிமிடத்தில் என்று ஸ்ரீகண்டன் அறிவித்தார். "ராஜாவக் குடுங்கம்மா," என்று கையை நீட்டினார். அதுவரை ஒரு மணி நேரமாக அது அவள் கைக்குள்ளேயே இருந்தது.

பாலகுமார் வெளிப்படியில் போய் உட்கார்ந்தான். பலகை இல்லாமலே, விரல்களை மடக்கி நீட்டி, உதடுகள் அசைய எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தான். டோரதி குழாயடியில் முகம் கழுவினாள். ஆம்ப்ரோஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"அத மறுபடி ஆடாத."

"வேற எத ஆடறது?"

"ஒழுங்கா ஆடு. முன்னாடி ஆடுவியே, காலேஜ்ல ஆடுன மாதிரி. அங்க பாரு, அவன் உக்காந்து கணக்குப் போடறான். இந்நேரம் கண்டுபுடிச்சிருப்பான்."

"ஒழுங்கா ஆடினா அவருகிட்ட நான் நிக்கவே முடியாதுண்ணா. மாவட்டச் சாம்பியன்."

"அப்ப அதயே ஆடு."

"இப்பதானே ஆடாதன்னீங்க?"

"ஐயோ, எனக்கு என்னாம்மா தெரியும்? நான் மீட்டர் பார்க்கறவன்."

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். ஐம்பத்து மூன்று முறை ஜெயித்தது அந்த நகர்த்தலா, தானா என்று ஒருநாளாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். இப்போது அதற்கு நேரமில்லை. உள்ளே போகும்போதும் அவள் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

மணி நாலு நாற்பத்தைந்துக்கு ஸ்ரீகண்டன் கடிகாரத்தை ஓடவிட்டார். மேடையில் ஒருவர் கீபோர்டின் ஒவ்வொரு கட்டையாக அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று நகர்த்தல்கள் பழையபடியே வந்தன. பாலகுமார் வேறு வழியில் போயிருக்கலாம்; போகவில்லை. அவன் அந்த பிஷப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். டோரதி அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு பிஷப்பால் சிப்பாயை வெட்டினாள்.

ராஜா பிஷப்பை வெட்டியது. குதிரை வந்தது, குதிரையும் போனது. ராணி வந்து செக் கொடுத்தது. இந்த முறை பாலகுமார் குதிரையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தான். ராணி மறுபடி விரட்டியது. ராஜா பலகையின் நடுவுக்கே போய் நின்றது. பார்க்க ஆபத்தாக இருந்தாலும் அங்கே அதை எதுவும் செய்ய முடியாது. ஸ்ரீகண்டன் தலையை லேசாக ஆட்டினார். அவன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு காய்கள் அதிகம், ராஜாவுக்கு ஆபத்தில்லை. சொல்லப்போனால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் பாலகுமார் ஒரே ஒரு தவறைத் திரும்பச் செய்யக்கூடாது என்று தீர்மானித்திருந்தான். ஒவ்வொரு முறையும், என்ன ஆடுவது என்று முடிவு செய்த பிறகும், கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் தன் ராஜாவிலிருந்து கிளம்பி நேர்வாட்டில் நான்கு திசையும் மூலைவாட்டில் நான்கு திசையும் கண்ணால் நடந்து பார்த்தான். எங்கிருந்தாவது செக் இருக்கிறதா? இல்லை. மறுபடி ஒருமுறை பார்த்தான். அதன் பிறகுதான் அழுத்தினான். ராஜா பலகையின் நடுவில் நின்றதால் பார்க்க வேண்டிய கட்டங்களும் அதிகம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து விநாடி, பன்னிரண்டு விநாடி போயிற்று.

டோரதி வேகமாக ஆடினாள். யோசிக்க எதுவும் இல்லாததால் வேகமாக ஆடினாள். தோற்கப்போகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்று பிற்பகல் முழுவதிலும் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒரு சிப்பாயைக் கொடுத்தாள், இன்னொரு சிப்பாயைத் தள்ளினாள், ராணியை இங்கும் அங்கும் நகர்த்தினாள். கறுப்புப் படை மெல்ல நெருங்கி வந்தது. இன்னும் மூன்று நகர்த்தலில் அவளுடைய ராஜாவுக்கு மேட்.

கீபோர்டுக்காரர் ஒரு முழு மெட்டை வாசிக்கத் தொடங்கினார். தபலாவும் சேர்ந்துகொண்டது. பாலகுமார் குதிரையைப் புதிய கட்டத்தில் வைத்தான். கையை எடுக்காமல் ராஜாவிலிருந்து பார்வையை நடக்கவிட்டான். நேர்வாட்டு. மூலைவாட்டு. அவனுடைய கடிகாரத்தில் முள்ளின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த சிறிய சிவப்புக் கொடி விழுந்தது; அவனுடைய ஐந்து நிமிடம் முடிந்தது.

அது சத்தம் போடுவதில்லை. அவன் பார்க்கவில்லை. ஸ்ரீகண்டன் பார்த்தார், ஆனால் நடுவர் சொல்லக்கூடாது; எதிராளிதான் சொல்ல வேண்டும். வாசலில் ஆம்ப்ரோஸ் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

டோரதி பார்த்தாள். முதலில் அவள் அதை நம்பவில்லை. தன் கடிகாரத்தைத்தான் தவறாகப் பார்க்கிறோமோ என்று கடிகாரத்தின் இரண்டு முகங்களையும் பார்த்தாள். தன்னுடையதில் இன்னும் ஒன்றேகால் நிமிடம் இருந்தது. பலகையைப் பார்த்தாள், அங்கே அவள் தோற்றுக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் அதைச் சொல்லலாமா? கையால் எதையாவது எடுக்க வேண்டுமா? எதையும் எடுக்கக்கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டைம்," என்றாள்.

பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பாலகுமார் கடிகாரத்தை அழுத்தினான்.

"டைம் சார்!" என்று கத்தினாள். "அவரு டைம் முடிஞ்சுபோச்சு. கிளெய்ம் பண்றேன்."

ஸ்ரீகண்டன் மேடைப் பக்கம் கை காட்ட, பாட்டு நின்றது. அவர் கடிகாரத்தை நிறுத்தி, கையில் எடுத்துப் பார்த்து, பாலகுமாருக்குக் காட்டினார். பாலகுமார் கொடியைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

"ரெண்டு காய் அதிகம் சார் எனக்கு."

"ஆமா."

"மூணு மூவ்ல மேட்."

"ஆமா. ஆனா டைம் போயிடுச்சு. அவங்க சொல்லிட்டாங்க."

"நான் எங்க தப்புப் பண்ணேன்?"

"எங்கயும் பண்ணல," என்றார் ஸ்ரீகண்டன்.

யாரும் கை தட்டவில்லை. ஆம்ப்ரோஸ் கூட வாயிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தார். ஜெயராமன், "இப்பவாவது எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் என்றார் நடுவர்.

பாலகுமார் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டான். டோரதியும் உதவினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்த பிஷப்பு. அது சரியான மூவா?"

"இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"நீங்க?"

"எனக்குத் தெரியல தம்பி. சத்தியமா தெரியல."

அவன் தலையாட்டினான். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் அந்த மேசையைத் தூக்கிப்போக வந்தார்கள். இருவரும் விலகி நின்றார்கள்.

நவம்பர் 29ஆம் தேதி நியமன உத்தரவு வந்தது. டிசம்பர் 6, திங்கட்கிழமை காலை, டோரதி டெஸ்பாட்ச் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தாள்.